மாமியார் பெட்டி

அந்தத் தெருவில் பாடிப் பிழைக்கிற அத்தனை பேருக்கும் ஒரே மாமியார்தான். பாருக்குப் பார் சுவரில் தொங்குவாள். டிபன் டப்பா அளவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி, அதன் முகத்தில் மூன்று விளக்கு, மேடைக்கு மேலே கூரையில் ஒரு குட்டி மைக். அந்த மைக்தான் அவளுக்குக் காது. பச்சை எரிந்தால் மாமியார் சாந்தமாக இருக்கிறாள். மஞ்சள் எரிந்தால் முறைக்கிறாள். சிவப்பு எரிந்த பிறகும் சத்தம் அடங்கவில்லையென்றால், மேடைக்குப் போகிற கரண்ட்டைப் பட்டென்று பிடுங்கிவிடுவாள். மைக் செத்துவிடும், கிட்டார் செத்துவிடும், பாடுகிறவர் திறந்த வாயோடு நிற்க வேண்டியதுதான். அப்புறம் கூடம் முழுக்கக் கொஞ்ச நேரம் கப்சிப்பென்று இருந்தால்தான் கோபம் தணிந்து பச்சைக்குத் திரும்புவாள்.

இதற்கெல்லாம் காரணம் மாடி வீட்டுக்காரர்கள். நகரத்தின் நடுவே, பேங்குகளுக்கும் ஆபீஸ்களுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கிற தெரு அது. பழைய கிடங்குகள் எல்லாம் பாராகிவிட்டன. பொழுது சாய்ந்தால் போதும், ஒரு கதவைத் திறந்தால் டிரம்பெட், அடுத்த கதவைத் திறந்தால் கிட்டார், அதற்கடுத்த கதவுக்குள் யாராவது காதல் தோல்வியில் கத்திக்கொண்டிருப்பார்கள். அந்தக் கலகலப்பைப் பார்த்து ஆசைப்பட்டுத்தான் சிலர் மாடியில் வீடு வாங்கினார்கள். குடிவந்த மறு மாதமே, ஐயோ காது போகுது என்று மாநகராட்சிக்குப் புகார் எழுதினார்கள். கடற்கரையில் வீடு வாங்கிவிட்டு அலையை நிறுத்தச் சொல்கிற ரகம். இவர்களை என்ன செய்வது? மாநகராட்சி பாருக்கு ஒரு பெட்டியை மாட்டிவிட்டுப் போயிற்று.

பெட்டி வந்ததில் அதிகம் அடிபட்டது இடிதான்.

இடி என்பது அண்ணன் வைத்த பட்டப்பெயர். சின்ன வயதில் அவள் கை பட்டு நெளியாத டப்பா வீட்டில் இல்லை. வளர்ந்து பல் செட் செய்கிற லேபில் வேலைக்குச் சேர்ந்து, முதல் வேலையாக வாங்கியது ஒரு பழைய டிரம்ஸ் செட். அண்ணனுக்குக் கல்யாணமாகி அண்ணி கிட்டாரோடு வந்து இறங்கியபோது, நாத்தனாருக்கும் அண்ணிக்கும் சண்டை வரும், பஞ்சாயத்து பண்ணலாம் என்று காத்திருந்த அம்மாவுக்குப் பெரிய ஏமாற்றம். இரண்டு பேரும் முதல் வாரமே மொட்டை மாடியில் சேர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணி பாட, இவள் அடிக்க, கீழே அம்மா காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

அண்ணியின் குரலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரிய குரல் இல்லை. ஆனால் அவள் பாட ஆரம்பித்தால், பாத்திரம் துலக்குகிறவர்கள் குழாயை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். அப்படிப்பட்ட குரலை வைத்துக்கொண்டு அவள் இன்னும் ஒரு இடத்திலும் நிலையாகப் பாடவில்லை என்றால், அதற்குக் காரணம் தன் கைதான் என்று இடிக்குத் தெரியும். நிலவறை பாரில் இரண்டாவது பாட்டிலேயே கரண்ட் போயிற்று. மாடி பாரில் முதல் பாட்டிலேயே. மூன்றாவது இடத்தில் டிரம்ஸை மேடையில் ஏற்றும்போதே முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார்.

அப்புறம்தான் படகு பாரிலிருந்து ஆள் வந்தது. கவிழ்த்துப் போட்ட படகு ஒன்றைக் கூரையில் தொங்கவிட்டிருக்கிற பார் அது. அதன் முதலாளியை எல்லோரும் கேப்டன் என்பார்கள். மனுஷருக்கு நீச்சல்கூடத் தெரியாது. அண்ணி எங்கேயோ பாடியதைக் கேட்டிருந்தார். இரண்டு பேரும் போய் அவரைப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் அண்ணி வந்து பாட வேண்டும், தாளத்துக்கு ஒரு மெஷின் வைத்துக்கொள்ளலாம், மெஷின் என்றால் ஒலியைத் திருகிக் குறைத்துக்கொள்ளலாம், மாமியாரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை என்றார். இடியை அவர் பார்க்கவே இல்லை. பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

அண்ணி முடியாது என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். வந்தால் இரண்டு பேரும் வருவோம், இல்லையென்றால் இல்லை. கேப்டன் தலையைச் சொறிந்தார். தன் கஷ்டத்தைச் சொன்னார். ஒரு தடவை கரண்ட் போனால் வாடிக்கையாளர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அடுத்த கதவைத் தேடிப் போய்விடுகிறார்களாம். கடைசியில் இறங்கிவந்தார். அடுத்த மாதம் ஒரே ஒரு வெள்ளிக்கிழமை டிரம்ஸோடு வாசித்துப் பார்க்கலாம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கரண்ட் போனாலும் டிரம்ஸ் மேடையை விட்டு இறங்கிவிட வேண்டும். அண்ணி மட்டும் தொடர வேண்டும், அன்றைக்கும், அடுத்து வருகிற வெள்ளிக்கிழமைகளிலும்.

அண்ணி வாயைத் திறப்பதற்குள் இடி முந்திக்கொண்டாள்.

"சரி. பேச்சு பேச்சா இருக்கணும்."

வீடு வந்ததும் அண்ணி பிடித்துக்கொண்டாள். யாரைக் கேட்டுச் சரி சொன்னாய், பெரிய மனுஷியா நீ, மேடையில் நான் அந்த மெஷினோடு நின்று மாரடிக்கவா என்று பொரிந்து தள்ளினாள். இடி சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் தன்னால் அண்ணி கெட்டுப்போனாள் என்ற பேர் மட்டும் வேண்டாம், இறங்குவதென்றால் ஒரு தடவை முழுசாக முயன்று பார்த்துவிட்டு இறங்குகிறேன் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டாள்.

மறுநாளிலிருந்து லேப் முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே அந்தத் தெருவுக்குப் போனாள். நகத்திடுக்கில் பல் செட் மாவோடு, தோளில் பையோடு, ஒவ்வொரு பாராக ஏறி இறங்கினாள். எலுமிச்சை சோடா ஒன்று வாங்கிக்கொள்வாள். மேடைப் பக்கம் திரும்ப மாட்டாள். பெட்டிக்குக் கீழே போய் நின்று, மூன்று விளக்கையும் வைத்த கண் வாங்காமல் பார்ப்பாள். எந்த அடிக்கு மஞ்சள் வருகிறது, எந்த அடிக்கு வராமல் தப்பிக்கிறது, சிவப்பு வந்தால் எவ்வளவு நேரம் பொறுக்கிறாள் மாமியார். இதுதான் படிப்பு.

இதில் ஒரு கூத்து நடந்தது. பாட்டு நடக்கிற இடத்தில் ஒருத்தி பாட்டைப் பார்க்காமல் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? மாநகராட்சியிலிருந்து ஆள் வந்துவிட்டது என்று தெரு முழுக்கப் பரவிவிட்டது. அவள் உள்ளே நுழைந்தாலே பாடுகிறவர்கள் குரலை இறக்கிவிடுவார்கள். டிரம்பெட்காரர் ஒருவர் பாதிப் பாட்டில் வாத்தியத்தின் வாயில் தொப்பியைச் செருகிக்கொண்டார். மாடி பாரில் பழச்சாறு கொடுத்துக் காசு வேண்டாம் மேடம் என்றார்கள். போன மாதம் அவளை வெளியே அனுப்பிய அதே ஆள்தான், முகம்கூட நினைவில்லை. இடி சாற்றைக் குடித்துவிட்டு, சோடாவை விட இது பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். விடுவாளா?

ஆனால் எல்லோரும் இப்படி அடக்கி வாசித்தால் அவள் எதைக் கற்றுக்கொள்வது? அதனால் தான் யார் என்று தானே சொல்ல ஆரம்பித்தாள். சொன்னதும் சிரித்தார்கள், பிறகு பேசினார்கள். மாமியாரிடம் அடி வாங்காதவர்கள் அங்கே யாரும் இல்லை. கண்ணாடி பாரில் ஒலி பார்க்கிற ஆள் அவளை ஓரமாக அழைத்துப் போய், கூரையில் இருக்கிற மைக்குக்கு ஒரு சாக்ஸை மாட்டிவிட்டால் கதை முடிந்தது, கேப்டனுக்குத் தெரியாமல் நானே வந்து மாட்டித் தருகிறேன் என்று கிசுகிசுத்தார். நல்ல மனுஷர்தான். இடிக்கு ஒரு நிமிஷம் சபலம் தட்டியது. பிடிபட்டால் படகு பாருக்குப் பூட்டு, சாக்ஸ் மாட்டியவளின் அண்ணிக்கு இனி எந்தக் கதவும் திறக்காது. வேண்டாம் அண்ணே, நேராப் போய்த் தோத்தாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டாள்.

பார்த்துப் பார்த்து அவளுக்குச் சில விஷயங்கள் பிடிபட்டன. பெரிய டிரம்மின் 'தம்'மை மாமியார் ஓரளவு பொறுத்துக்கொள்கிறாள். குச்சி விளிம்பில் படுகிற 'சட்'டைத்தான் பொறுக்க மாட்டேன் என்கிறாள். பித்தளைத் தட்டை ஒரு தடவை அடித்தால் ரீங்காரம் நின்று போவதற்குள் அடுத்த அடி விழக்கூடாது, விழுந்தால் இரண்டும் சேர்ந்து சிவப்பு. வீட்டுக்கு வந்து பெரிய தட்டைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே போட்டாள். பெரிய டிரம்முக்குள் பழைய கம்பளியைத் திணித்தாள். குச்சிகளை எடுத்து வைத்துவிட்டு, கம்பி இழைகளால் ஆன பிரஷ்ஷைக் கையில் பிடித்தாள்.

பிடித்தால் போதுமா, கை கேட்க வேண்டுமே. முதல் நாள் பிரஷ்ஷை வைத்தும் சன்னல் அதிர்ந்தது. அண்ணி கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். இடி கோபத்தில் பிரஷ்ஷைத் தூக்கி எறிந்தாள். அது அம்மாவின் மடியில் போய் விழுந்தது, அதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

கை வசப்பட்டது லேபில்தான். அச்சில் மாவை ஊற்றிவிட்டுக் குமிழி போவதற்காக அச்சைப் பக்கவாட்டில் தட்டிக்கொண்டிருந்தாள். வேகமாகத் தட்டினால் மாவு தெறிக்கும், பல் ஓட்டையாகிவிடும். விரல் நுனியால், சீராக, மாவு மட்டும் உணர்கிற மாதிரி தட்ட வேண்டும். இத்தனை வருஷமாகத் தினமும் செய்கிற வேலை. தட்டிக்கொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று உறைத்தது. இது யாருடைய கை? என்னுடையதுதானே. இங்கே வருகிற பொறுமை அங்கே ஏன் வர மாட்டேன் என்கிறது? அன்று மாலை முழுக்க அவள் தாளம் போட்டுக்கொண்டே மாவைத் தட்டினாள். பக்கத்து மேஜைக்காரி, இன்றைக்கு உன் பல் எல்லாம் ஆடும் போலிருக்கே என்று கிண்டல் பண்ணினாள்.

அதற்குப் பிறகு அம்மாவின் தலையணைதான் டிரம்ஸ். அம்மா தூங்கும்போது தலையணையின் ஓரத்தில் வாசிக்க வேண்டும், அம்மா விழிக்கக்கூடாது என்று தனக்குத்தானே பந்தயம் வைத்துக்கொண்டாள். ஆரம்பத்தில் நிறையத் திட்டு. போகப் போகத் திட்டு குறைந்தது. ஒரு நாள் அண்ணன் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்னடி இடி, தூறலாயிட்டே?" என்றான்.

விளையாட்டாகத்தான் கேட்டான். ஆனால் அது சுருக்கென்று தைத்தது. குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். சின்னதாக அடிப்பது தோற்றுப்போவதுதானோ என்று அவளுக்கும் உள்ளுக்குள் இருந்தது. ஓங்கி அடிக்கும்போது நெஞ்சு திறக்குமே, அது இதில் வரவே வராதோ? முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து மறுபடி தலையணையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வராவிட்டால் வரும்வரை அடிப்பேன், வேறென்ன.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. அண்ணன் வேனில் டிரம்ஸை ஏற்றிவந்து இறக்கினான். இருட்டத் தொடங்கியிருந்தது, ஆபீஸ் விட்ட கூட்டம் படகுக்குக் கீழே நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கேப்டன் கல்லாவுக்குப் பக்கத்தில், மாமியாருக்கு நேர் எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இடி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

அண்ணி பாட ஆரம்பித்தாள். இடி டிரம்மின் தோல் மேல் பிரஷ்ஷை இழுத்தாள். பச்சை. அடுத்த பாட்டு, பச்சை. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சைக் குறைத்தார்கள், பிறகு நிறுத்தினார்கள். தாளம் மெல்லியதாக இருந்ததால் அண்ணியின் குரலில் இருக்கிற சின்னச் சின்ன நடுக்கம்கூடக் கேட்டது. இத்தனை நாளாக அதை மூடி அடித்துக்கொண்டிருந்தது நான்தானா என்று இடி ஆச்சரியப்பட்டாள். ஒரு இடத்தில் மஞ்சள் எட்டிப் பார்த்தது. அவள் முழங்கையைத் தளர்த்தினாள், போய்விட்டது. முதல் பாதியின் கடைசிப் பாட்டில் இருவரும் ஒன்றாக ஏறி, ஒன்றாக இறங்கி, ஒன்றாக நின்றார்கள். ஓங்கி அடிக்காமலே அவளுக்கு நெஞ்சு திறந்திருந்தது.

அப்புறம் கூடம் வெடித்தது. கை தட்டினார்கள், மேஜையைத் தட்டினார்கள், காலால் தரையை உதைத்தார்கள், யாரோ விரலை மடக்கி விசிலடித்தார்கள். இடி சிரித்தபடி தலையைத் தூக்கினாள். சிவப்பு. தூக்கிய தலையை இறக்குவதற்குள் கரண்ட் போய்விட்டது.

அவள் சுற்றி வந்த பார்களில் எல்லாம் ஜனங்கள் ஒரு கையில் கிளாஸை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் தொடையைத் தட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்வார்கள். இரண்டு கையாலும் தட்டுவதை அவள் எங்கேயுமே பார்க்கவில்லை. பெட்டியின் கீழே நின்று எல்லாவற்றையும் எடைபோட்டவள் இதை மட்டும் எடைபோடவில்லை.

கேப்டன் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார். அமைதி, அமைதி என்று கத்தினார். அவர் கத்தலே பெரிய சத்தமாக இருந்தது. என்னாச்சு, கரண்ட் என்னாச்சு என்று கூட்டமும் கத்தியது. சிவப்பு அசையவில்லை. கதவுப் பக்கம் இரண்டு பேர் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். அண்ணி செத்துப்போன மைக்கைப் பிடித்தபடி இவளைத் திரும்பிப் பார்த்தாள்.

இடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் கோபப்படுவது? கை தட்டினவர்கள் மேலா? பிரஷ்ஷை எடுத்தாள். டிரம்ஸுக்குக் கரண்ட் எதற்கு? தோலின் மேல், அம்மாவின் தலையணையில் அடிப்பதை விட மெதுவாக வாசிக்கத் தொடங்கினாள். முன்வரிசையில் இருந்தவர்கள் கேட்க வேண்டுமென்றால் வாயை மூட வேண்டியிருந்தது. மூடினார்கள். பின்னால் இருந்தவர்களை உஸ் என்று அடக்கினார்கள். அவள் இன்னும் குறைத்தாள். அவர்களும் இன்னும் குறைந்தார்கள். கோட்டு மாட்டியவர்கள் கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டார்கள். அண்ணி மைக்கை விட்டு விலகி, முன்னால் வந்து வெறும் குரலில் பாடினாள். மஞ்சள் வந்தது. வெகுநேரம் மஞ்சளாகவே நின்றது. பிறகு பச்சை வந்தது, கிட்டாரின் ஸ்பீக்கர் முனகிக்கொண்டு உயிர் பெற்றது.

இடி பாட்டை முடித்தாள். எழுந்தாள். தட்டைத் தாங்கும் கம்பியின் திருகைக் கழற்றத் தொடங்கினாள்.

கேப்டன் மேடைக்கு வந்தார். என்ன செய்கிறாய் என்று கேட்டார். கரண்ட் போயிற்று, பேச்சு பேச்சுதானே என்றாள். கை நிற்கவில்லை. அண்ணியும் கிட்டாரைக் கழற்றினாள். கேப்டன் சங்கடத்தோடு பெட்டியைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார். போட்ட கண்டிஷன் அவருடையது, விழுங்கவும் முடியவில்லை துப்பவும் முடியவில்லை. அப்போது முன்வரிசையில் டையைத் தளர்த்திவிட்டு உட்கார்ந்திருந்த ஒரு ஆபீஸ்காரர், "அந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணலீங்க. சத்தம் போட்டது நாங்க," என்றார். ஆமாம் ஆமாம் என்று பல குரல்கள் எழுந்தன, மஞ்சள் எட்டிப் பார்த்தது, உடனே எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கேப்டன் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். அப்படியா, சரி, அந்தக் கண்டிஷன் இனி உங்களுக்கு என்றார். இரண்டாம் பாதி முடியும்வரை யாரும் கை தட்டக்கூடாது. மறுபடி கரண்ட் போனால் டிரம்ஸ் இறங்கிவிடும், பாவம் உங்கள் தலையில்.

இடி திருகை மறுபடி முறுக்கினாள். இப்போது தன் கையில் ஒன்றும் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. தன்னால் முடிந்தது வாசிப்பதுதான். வாசித்தாள். பாட்டுக்குப் பாட்டு கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டியது. கடைசிப் பாட்டை அவள் எல்லாவற்றையும் விட நன்றாக வாசித்தாள். அண்ணியின் குரல் உச்சத்துக்குப் போய் நின்றபோது, பிரஷ்ஷின் இழைகள் தோலை விட்டு விலகுகிற ஒலிகூடக் கூடத்தின் கடைசி மேஜைவரை போயிற்று. முடிந்தது.

யாரும் தட்டவில்லை. அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள், நாற்காலியைக்கூட இழுக்காமல். ஒருவர் இரண்டு கையையும் அக்குளுக்குள் செருகியிருந்தார். ஒருத்தி கைக்குட்டையைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆபீஸ்காரர் தன் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்திருந்தார், விட்டால் அடித்துவிடும் என்பது போல. எல்லோர் கண்ணும் இவளுக்கும் விளக்குக்கும் மாறி மாறி ஓடியது. பச்சை, பச்சை, பச்சை. தனக்காக ஒரு கூட்டமே கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் இடியால் தாங்க முடியவில்லை. சத்தம் வராமல் அழுதாள். இந்தச் சந்தோஷத்துக்கு ஒரு தட்டல்கூட வேண்டியிருக்கவில்லை.

கேப்டன் மேடையோரம் வந்து குனிந்தார். மாமியார் காதில் விழாத குரலில் சொன்னார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் வந்துருங்க."

இடி தலையை ஆட்டினாள். அண்ணி அவள் தொடையில் அழுத்தி ஒரு கிள்ளு கிள்ளினாள், இடி உதட்டைக் கடித்துக்கொண்டு கத்தாமல் இருந்தாள்.